ஜீனெட் ரேங்கின்: "எல்லாப் போருக்கும் எதிராக வாக்களித்தவர்" என்று சொல்லலாமா?

கேள்வி: கடையம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பேச்சுப் போட்டிக்குப் போகிறாள். பெண் ஆளுமைகளில் யாரைப் பற்றியும் பேசலாம், ஐந்து நிமிடம். முதல் உலகப்போர் பாடம் நடத்தும்போது ஜீனெட் ரேங்கினைப் பற்றி நான் நாலு வரி சொல்லியிருந்தேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண், போருக்கு எதிராக வாக்களித்தவர், அவ்வளவுதான் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், இவங்களத்தான் பேசப்போறேன்" என்றாள்.

நானும் சந்தோஷமாக எழுதிக்கொடுத்தேன். "தன் வாழ்நாளில் வந்த எல்லாப் போருக்கும் எதிராக வாக்களித்த ஒரே பெண்மணி" என்று தொடங்கியது பேச்சு. மூன்று நாள் மனப்பாடம் செய்தாள். நாலாவது நாள் பள்ளி கம்ப்யூட்டரில் ரேங்கினின் வாக்குகள் முழுவதையும் தேடிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். 1917 ஏப்ரல், ஜெர்மனி மீது போர்: இல்லை. 1917 டிசம்பர், ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர்: ஆம். 1941 டிசம்பர் 8, ஜப்பான்: இல்லை. டிசம்பர் 11, ஜெர்மனி, இத்தாலி: "வந்திருக்கிறேன்" என்று மட்டும்.

அந்த "ஆம்" என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தாள். "அப்போ நாம எழுதினது பொய்யா மிஸ்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு சரியாகத் தூக்கமில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. அந்த "ஆம்" வாக்கு உண்மைதானா, ஏன் போட்டார்? "வந்திருக்கிறேன்" என்றால் அது என்ன வாக்கு? மூன்றாவது, போர் வாக்கு தவிர இவர் என்னென்ன மசோதா கொண்டுவந்தார்? தமிழில் எங்கே தேடினாலும் அந்த இரண்டு "இல்லை"யோடு கதை முடிந்துவிடுகிறது. நாலு வருஷம் உறுப்பினராக இருந்தவர் வேறு ஒன்றுமே செய்யாமலா இருந்திருப்பார்?

இந்தப் பிள்ளையின் அம்மா கிராம சுகாதார செவிலியர். எந்த நேரம் போன் வந்தாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் பேச்சை ஒப்பிக்கக் கேட்பது நான்தான். போட்டிக்கு இன்னும் 9 நாள். தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

பதில்: மேடைக்காரன்

டீச்சர், முப்பது பேச்சுப் போட்டிக்காவது நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் ஒரு செய்திதான் கேட்பவர் மனதில் நிற்கும். 1917-இல் ஒரு "இல்லை", 1941-இல் ஒரு "இல்லை". இதுதான் செய்தி. ஆஸ்திரியாவை விட்டுவிடுங்கள். நடுவர் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. பிள்ளையைக் குழப்பினால் மேடையில் திணறுவாள்.

பதில்: பழைய நூலகர், மதுரை

டீச்சரம்மா, ஒரு கல்லூரி நூலகத்தில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேடைக்காரர் அனுபவத்தில் சொல்கிறார், மதிக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த "ஆம்" வாக்கைக் கண்டுபிடித்ததே அந்தப் பிள்ளைதான். அதை மறைத்துப் பேசு என்று நாமே சொல்லிக்கொடுத்தால், ரேங்கினைப் பற்றி அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்தோம்?

முதலில் அந்த அட்டவணை எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் கேட்டால், யார் ஆம் சொன்னார்கள், யார் இல்லை சொன்னார்கள் என்று பதிய வேண்டும். இது அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 1973-இல்தான் பிரதிநிதிகள் அவைக்கு மின் வாக்குப் பொத்தான் வந்தது. அதுவரை அவைக் கிளார்க் ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிடுவார், உறுப்பினர் பதில் சொல்வார். ஒரு சுற்று முடிந்தபின், பதில் சொல்லாதவர்களுக்கு மட்டும் இரண்டாவது சுற்று. ஆம், இல்லை தவிர ஒரு சொல் கூடப் பேசக்கூடாது என்பது வழக்கம்.

1917 ஏப்ரல் 6, புனித வெள்ளி. விடியற்காலை 3 மணி வாக்கில் பெயர் கூப்பிடுகிறார்கள். ரேங்கின் உறுப்பினராகப் பதவியேற்று நாலே நாள். "ரேங்கின்" என்று கூப்பிட்டதும் முதல் சுற்றில் பதிலே வரவில்லை. பழைய சபாநாயகர் ஜோ கேனன், 80 வயது, பக்கத்தில் வந்து, நீங்கள் வாக்களிக்காமல் இருக்க முடியாது, இந்த நாட்டுப் பெண்களுக்கெல்லாம் நீங்கள்தான் பிரதிநிதி என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது சுற்றில் எழுந்தார். "என் நாட்டோடு நிற்க விரும்புகிறேன், ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது" என்றார். வாக்களிக்கும்போது யாரும் பேசுவதில்லை என்ற நீண்ட நாள் வழக்கம் அங்கே உடைந்தது. முடிவு 373-க்கு 50.

இந்த 50-ஐ அவளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். அன்றைக்கு ரேங்கின் தனியாக நிற்கவில்லை, கூட 49 ஆண்கள் இல்லை என்றார்கள். அவர்களில் அவையில் ஆளுங்கட்சிக்குத் தலைவராக இருந்த கிளாட் கிட்சினும் ஒருவர். ஆனால் மறுநாள் பத்திரிகைகள் எழுதியது ரேங்கின் அழுதார் என்பதைத்தான். லகார்டியா என்ற உறுப்பினரிடம் கேட்டபோது, அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, என் கண்ணில் நீர் இருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றாராம். ஒரு பெண் போட்ட வாக்கு என்பதால் அது மட்டும் கண்ணீராகத் தெரிந்தது.

இனி அதே வருஷம் டிசம்பர் 7. ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவிப்பு, 365-க்கு 1. அந்த ஒன்று நியூயார்க் சோஷலிஸ்ட் மேயர் லண்டன். ரேங்கின் ஆம். ஆமாம் டீச்சரம்மா, உண்மைதான். அவர் அதை மறைக்கவில்லை, அவையில் எழுந்து காரணம் சொல்லிவிட்டுத்தான் வாக்களித்தார். சர்வதேசத் தகராறுகளைத் தீர்க்கப் போர் என்பது முட்டாள்தனமான, வீணான வழி என்றுதான் இன்னமும் நம்புகிறேன் என்று தொடங்கினார். ஆனால் இது ஏற்கனவே அறிவித்துவிட்ட போரை நடத்துவதில் வரும் ஒரு சம்பிரதாயம்தான், பணத்துக்கும் ஆட்களுக்கும் வாக்களித்ததுபோல இதற்கும் வாக்களிக்கிறேன் என்று முடித்தார்.

இந்தக் காரணத்தை நான் ஏற்கிறேனா என்று கேட்டால், இல்லை. மேயர் லண்டன் போட்ட வாக்குதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் ரேங்கினின் அந்தப் பேச்சைப் படித்தபோது அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை கூடியது. போர் தொடங்கிவிட்டது, அவர் மாநிலமான மோன்டானாவின் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். அவர்களுக்குத் துப்பாக்கியும் சோறும் அனுப்ப ஆம் சொன்னவர் இந்த அறிவிப்புக்கும் ஆம் சொன்னார். அது அவர் மனசாட்சியின் கணக்கு. 24 வருஷம் கழித்து 1941-இல் அதே கணக்கை வேறு மாதிரி போட்டார். அந்த இடைவெளியில்தான் இந்த மனுஷி இருக்கிறார்.

1941 டிசம்பர் 8, ஜப்பான் மீது போர் அறிவிப்பு, உங்களுக்குத் தெரியும். செனட்டில் 82-க்கு 0, பிரதிநிதிகள் அவையில் 388-க்கு 1. பேசுவதற்கு எழுந்தபோதெல்லாம் சபாநாயகர் ரேபர்ன் கண்டுகொள்ளவில்லை. "பெண் என்பதால் நான் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன்" என்றார். வெளியே கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு டெலிபோன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேபிடல் போலீஸைக் கூப்பிட்டார். அவர்கள் வந்துதான் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். எவ்வளவோ படித்திருக்கிறேன், அந்தக் கூண்டுக்குள் நின்ற 61 வயதுப் பெண்மணிதான் என் கண்ணைவிட்டுப் போவதில்லை.

மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி. "வந்திருக்கிறேன்" என்றால் அவையில் இருக்கிறேன், ஆனால் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை என்று அர்த்தம். வராமல் இருப்பது வேறு, இது வேறு. வந்து நின்று பெயரைப் பதிந்துவிட்டு இரண்டு பக்கமும் சேராமல் இருப்பது.

மசோதாக்களைப் பற்றி இன்று இரவு எழுதுகிறேன். அதுதான் பெரிய கதை. கண் கொஞ்சம் மங்கல், நிதானமாகத்தான் தட்டச்சு செய்ய முடிகிறது.

பதில்: கோவை வக்கீல்

இடையில் ஒரு சந்தேகம் சார். கட்சி கொறடா உத்தரவு என்று ஒன்று அங்கே இல்லையா? இங்கே 1985-இல் பத்தாவது அட்டவணை வந்த பிறகு, கொறடா சொன்னதை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான், யார் என்ன சொன்னார் என்பதே பதிவாகாது. ரேங்கின் குடியரசுக் கட்சிக்காரர்தானே, கட்சி விட்டுவைத்ததா?

பதில்: பழைய நூலகர், மதுரை

அங்கேயும் கொறடா உண்டு வக்கீல் சார். வந்து கெஞ்சுவார், மிரட்டுவார். 1941-இல் அவர் கட்சி உறுப்பினர் எவரெட் டர்க்சனே, ஒருமனதாக இருக்கட்டும், வாக்கை மாற்றுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஆனால் மீறியதற்காகப் பதவியைப் பறிக்கச் சட்டம் இல்லை. தண்டனை தருவது தொகுதிதான். "மோன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிராக இருக்கிறது" என்று அவருடைய ஒரே தம்பியான வெலிங்டனே செய்தி அனுப்பினார். 1942 தேர்தலில் ரேங்கின் நிற்கவேயில்லை. பின்னாளில் செனட் பெரும்பான்மைத் தலைவராக உயர்ந்த மைக் மான்ஸ்ஃபீல்டு அந்த இடத்துக்கு வந்தார்.

2001 செப்டம்பர் 14-ஐயும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் வந்த, படைபலம் பயன்படுத்தும் தீர்மானம், 420-க்கு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. அவருக்கும் கொலை மிரட்டல் வந்தது, ஆனால் தொகுதி அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பியது.

சரி, மசோதாக்கள். டீச்சரம்மா, இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ரேங்கின் அவையில் இருந்தது 65-ஆவது காங்கிரஸ், 77-ஆவது காங்கிரஸ், ஆக இரண்டே தவணை. 1917 முதல் 1919, பிறகு 1941 முதல் 1943. நடுவில் 22 வருஷம். முதல் தவணையைத்தான் நாம் எல்லாரும் தவறாகப் படிக்கிறோம், போர் வாக்கு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அந்த வாக்குக்குப் பிறகு அவருக்கு இரண்டு வருஷம் பதவி இருந்தது.

1917 ஜூன் 8, மோன்டானாவின் ப்யூட் நகரில் ஸ்பெகுலேட்டர் தாமிரச் சுரங்கம் தீப்பிடித்தது. கீழே இறக்கிக்கொண்டிருந்த மின்கம்பியின் எண்ணெய் ஊறிய உறையில் ஒருவருடைய விளக்குத் தீ பட்டது. 168 பேர் செத்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்டு 1 அன்று தொழிற்சங்க ஆள் ஃப்ராங்க் லிட்டிலை முகமூடிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்க் கொன்று தொங்கவிட்டார்கள். ரேங்கின் நேரே ப்யூட்டுக்குப் போனார். சுரங்கங்களை அரசாங்கம் எடுத்து நடத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. மோன்டானாவில் அன்று தாமிரக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். என் அபிப்பிராயம், அவர் அரசியலை முடித்தது போர் வாக்கு மட்டுமல்ல, ப்யூட்டும்தான். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்ததை இரண்டாகப் பிரித்தார்கள். அவருக்கு வந்த மேற்குப் பாதியில் எதிர்க்கட்சிக்குத்தான் பலம். அதனால் 1918-இல் செனட்டுக்கு நின்று தோற்றார்.

அதே 1917-இல் வாஷிங்டனில் அரசாங்க அச்சகம். போர்க் கடன் பத்திரங்கள் அச்சடிக்கப் பெண்களை மணிக்கணக்கில் நிற்கவைத்து வேலை வாங்கினார்கள். விடுப்பும் கிடையாது. அந்தப் பெண்கள் ரேங்கினிடம் வந்தார்கள். விசாரிக்க ஆள் போட்டார், சாட்சிகளைத் திரட்டினார், நிதியமைச்சகத்தை உலுக்கினார். 8 மணி நேர வேலை திரும்ப வந்தது. இதில் ஒரு வாக்கெடுப்பும் இல்லை. ஆகவே உங்கள் பிள்ளை நோட்டில் எழுதிய அட்டவணையில் இது வராது.

அன்று அமெரிக்கப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கட்டினால் குடியுரிமை போய்விடும், 1907 சட்டம் அப்படி. அதை மாற்ற மசோதா கொடுத்தார். அவர் இருக்கும்போது நிறைவேறவில்லை, 1922-இல் வேறு பெயரில் நிறைவேறியது.

அடுத்தது பெண்கள் வாக்குரிமைத் திருத்தம். 1918 ஜனவரி 10 அன்று விவாதத்தைத் தொடங்கிவைத்தவர் ரேங்கின். உலகத்தில் ஜனநாயகத்தைக் காப்போம் என்று வாக்களித்த இதே காங்கிரஸ், நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தச் சின்ன ஜனநாயகத்தைத் தர மறுத்தால் ஜனநாயகம் என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படி விளக்குவோம் என்று கேட்டார். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். விழுந்தது 274-க்கு 136. ஒரே ஒருவர் அந்தப் பக்கம் மாறியிருந்தால் தோற்றிருக்கும். ஜேம்ஸ் மான் என்ற உறுப்பினர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். ஃப்ரெடரிக் ஹிக்ஸ் மனைவியின் மரணப் படுக்கையிலிருந்து வந்து வாக்களித்துவிட்டு, அடக்கத்துக்குத் திரும்பிப் போனார். செனட்டில் அந்த வருஷம் தோற்று, 1919-இல் இரண்டு அவையும் தாண்டி, 1920 ஆகஸ்டில் சாசனத்தில் ஏறியது. 1919-இல் வாக்கெடுப்பு நடந்தபோது ரேங்கின் அங்கே இல்லை, தவணை முடிந்திருந்தது.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். 1918-இல் தாய்-சேய் நல மசோதா கொண்டுவந்தார். மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும், அதை வைத்துக் கிராமப்புறக் கர்ப்பிணிகளைத் தேடிச் செவிலியர்கள் போக வேண்டும். அந்த நாளில் மோன்டானாவின் புல்வெளியில் குடியேறிய குடும்பத்துப் பெண்கள் டாக்டர் எட்டாத இடத்தில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நிலையை மத்திய குழந்தைகள் நல அலுவலகமே ஆராய்ந்து 1919-இல் அறிக்கையாக வெளியிட்டது. ரேங்கினின் மசோதா அந்தக் காங்கிரஸோடு காலாவதியானது. பதவி போன பிறகும் அவர் விடவில்லை, வெளியிலிருந்தே அதற்காக ஆள் ஆளாகப் போய்ப் பேசினார். 1921 நவம்பரில் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் என்று வேறு இருவர் பெயரில் வந்தது. முன்மொழிந்தவர் பட்டியலில் ரேங்கின் பெயர் இருக்காது.

உங்கள் பிள்ளையின் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்களே. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

பதில்: மிசோலா மல்லிகா

அக்கா, மோன்டானாவின் மிசோலா நகரிலிருந்துதான் எழுதுகிறேன். சொந்த ஊர் திருச்சி. ரேங்கின் பிறந்த கிராண்ட் க்ரீக் எங்கள் வீட்டிலிருந்து கார் எடுத்தால் கொஞ்ச தூரம்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்துக்கே அவர் பெயர். மாநிலத் தலைநகர் ஹெலெனாவில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, வாஷிங்டன் கேபிடலில் 1985-இல் வைத்த சிலையின் ஜோடி. வாஷிங்டன் சிலையின் பீடத்தில் "போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது" என்று பொறித்திருக்கிறார்கள்.

நூலகர் ஐயா ப்யூட்டைப் பற்றிச் சொன்னதும் எனக்குக் கை நிற்கவில்லை. போன வருஷம் போனோம். ஊருக்கு மேலே மேட்டில் ஒரு நினைவிடம் இருக்கிறது, எதிரே சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் தெரியும். அங்கே அந்தத் தீயில் மாட்டியவர்கள் எழுதிய சீட்டுகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். மேனஸ் டகன் என்ற இளைஞர், புகை வராமல் துணியும் பலகையும் மண்ணும் வைத்து ஒரு மூலையை அடைத்து, கூட இருந்தவர்களை உள்ளே வைத்துக் காப்பாற்றினார். 25 பேர் பிழைத்து வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. மனைவிக்குச் சீட்டு எழுதி வைத்திருந்தார். மனைவி அப்போது மாசமாக இருந்தார். அந்த இடத்தில் காற்று ஓயவே ஓயாது. என் பையன் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தான், நான் அவன் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரேங்கின் இந்தியாவுக்கு 7 தடவை வந்திருக்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? முதல் தடவை 1946-இல். காந்தியின் வழியைப் படிக்கத்தான் வந்தார். 1968 ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் போருக்கு எதிராக ஆயிரக்கணக்கான பெண்களோடு வாஷிங்டனில் நடந்தார். முடிந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள் அக்கா.

பதில்: மேடைக்காரன்

நூலகர் ஐயா சொல்வது சரி. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் டீச்சர். ஆனால் ஒன்று மட்டும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் திணிக்காதீர்கள். இரண்டு எண் போதும். 373-க்கு 50, 388-க்கு 1. எண்ணைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்தச் சொல்லுங்கள். ஆஸ்திரியா வாக்கைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம். குற்றம் ஒப்புக்கொள்வதுபோல ஆகிவிடும். அதே குரலில் சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்: கடையம் டீச்சர்

என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து அவளிடம் கொடுத்தேன். பழைய பேச்சை முழுவதும் அடித்துவிட்டாள். நான் எழுதிய முதல் வரி போயே போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை.

இப்போது பேச்சு இப்படித் தொடங்குகிறது: "என் அம்மா ஒரு கிராமச் செவிலியர். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவர், என் அம்மா பார்க்கிற வேலைக்கு ஒரு மசோதா எழுதினார். அது தோற்றது." அங்கிருந்து வாக்குரிமை, பிறகு போர் வாக்குகள் நாலும் வரிசையாக. ஆஸ்திரியா வரும் இடத்தில் அவளே எழுதினாள்: "இங்கே அவர் ஆம் என்றார். காரணமும் சொன்னார். அந்தக் காரணம் எனக்குச் சம்மதமில்லை. 1941-இல் அவர் மறுபடி எழுந்து நின்றபோது அவருக்கும் அது சம்மதமில்லாமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்." நான் ஒரு சொல் கூடத் தொடவில்லை.

நேற்று சாயங்காலம் பள்ளி வராந்தாவில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு அழைத்துப்போக வந்தார். வண்டியை ஆஃப் செய்யாமல் நின்றவர், முதல் வரியைக் கேட்டதும் ஆஃப் செய்துவிட்டு, தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முழுவதும் கேட்டார். முடிந்ததும் கைதட்டவில்லை. "அந்தச் சட்டம் எத்தனை வருஷம் இருந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார். 1921-லிருந்து எவ்வளவு நாள் என்று எனக்குத் தெரியவில்லை. "நிறுத்திட்டாங்கன்னா, அந்த நர்ஸுங்க பார்த்துட்டிருந்த கர்ப்பிணிங்கள அப்புறம் யாரு பார்த்தா?" என்று அடுத்த கேள்வி. நூலகர் ஐயா, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் போட்டி.

பதில்: பழைய நூலகர், மதுரை

1929 வரைக்கும் இருந்தது டீச்சரம்மா. மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது, காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. சில மாநிலங்கள் சொந்தப் பணத்தில் செவிலியர்களை வைத்துக்கொண்டன, பல மாநிலங்களால் முடியவில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு ஆறு வருஷம் மத்திய அரசின் இந்த உதவி வரவில்லை. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதன் 5-ஆவது பகுதியில் தாய்-சேய் நலத்துக்கு மறுபடி பணம் ஒதுக்கினார்கள். அது இன்றுவரை நடக்கிறது.

அந்த அம்மாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.